மலைச்சரிவு ரப்பர் விளையில் டிராக்டர் வின்ச்: ஒரு பருவம் ஓட்டிப் பார்த்ததில்

குமரி மாவட்டத்தில் கடையாலுமூடு, பத்துகாணி, ஆறுகாணி பக்கம் ரப்பர் விளை (தோட்டம்) வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். மரம் முறிக்க விலை பேச வருகிற தடி வியாபாரி முதலில் மரத்தைப் பார்க்க மாட்டார், சரிவைத்தான் பார்ப்பார். லாரி எதுவரைக்கும் வரும், கடைசி மூடு (மரம்) அங்கிருந்து எத்தனை தட்டு (சரிவில் படிபோல வெட்டிய மண்திட்டு) கீழே நிற்கிறது என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போடுவார். சமநிலத்து விலையில் ஒரு நல்ல பங்கைக் கழித்துவிட்டுத்தான் டன்னுக்கு இவ்வளவு என்பார். ஏன் என்று கேட்டால் சுமட்டுக்கூலி என்று ஒரே வார்த்தை. அவர் சொல்வதிலும் பொய் இல்லை. மூன்றடி, நாலடித் துண்டாக அறுத்துத் தலையில் ஏற்றி, சரல்மண் வழுக்குகிற சரிவில் தட்டுத் தட்டாக ஏறி வருவது லேசான வேலை அல்ல. அந்த வேலைக்கு இப்போது ஆளும் கிடைப்பதில்லை.

அந்தக் கழிவைக் குறைக்க முடியுமா என்று பார்க்கத்தான் டிராக்டரின் பின்னால் மாட்டி, கம்பியைச் சுற்றித் தடியை இழுக்கிற வின்ச் ஒன்றை வாங்கினேன். பழைய ரப்பர் முறிக்கிற கோடையில் தொடங்கி, ஜூன் மழைக்குத் தை (ரப்பர் கன்று) நடுகிற வரைக்குமான ஒரு பருவம் முழுக்க ஓட்டியாகிவிட்டது. எங்கள் விளை, மச்சான் விளை, அப்புறம் கூலிக்கு வேறு சில இடங்கள். இயந்திரம் நன்றாக இருக்கிறது. அதோடு வந்த கம்பி மோசம். விளைக்கு மேல்பக்கம் டிராக்டர் நிற்க வழி இல்லாதவர்கள் இதற்குப் பணம் செலவழிக்கவே வேண்டாம். விவரம் வேண்டுமென்றால் தொடர்ந்து படியுங்கள்.

காட்டுவேலைக்கான டிராக்டர் வின்ச்சில் பெயர்பெற்றவர்கள் பெரும்பாலும் ஐரோப்பாக்காரர்கள். பின்லாந்தின் ஃபார்மி, ஸ்லோவேனியாவின் உனிஃபாரஸ்ட், கிர்பான், தாய்ஃபூன் என்று ஒரு வரிசை உண்டு. இறக்குமதி செய்தால் வருகிற விலை நம் கைக்கு எட்டவில்லை. அதனால் கொங்குப் பக்கத்துப் பட்டறை ஒன்று அதே பாணியில் செய்து விற்பதை, ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து வாங்கினேன். பட்டறையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. 3.5 டன் இழுவை, 10 மில்லிமீட்டர் கம்பி 60 மீட்டர், டிராக்டரின் மூன்று புள்ளி லிங்கேஜில் (பின்னால் கருவி மாட்டுகிற, ஏற்றி இறக்குகிற கைகள்) மாட்டி, பி.டி.ஓ. தண்டால் (எஞ்சின் சுழற்சியைப் பின்னால் மாட்டிய கருவிக்குத் தருகிற தண்டு) ஓடுவது. என் டிராக்டர் 42 குதிரைத்திறன் மாஸ்ஸி, இரண்டு சக்கர ஓட்டம். அதற்கு இந்த அளவு சரியாகப் பொருந்துகிறது. இதற்கு மேல் பெரிய வின்ச் மாட்டினால் முன்சக்கரம் ரோட்டிலேயே கனம் இல்லாமல் ஆடும்.

வேலை செய்கிற விதம் எளிது. கம்பி சுற்றிய டிரம் ஒன்று, அதை பி.டி.ஓ.வோடு சேர்க்கிற கிளட்ச் ஒன்று. கிளட்சில் இருந்து ஒரு கயிறு நீளும். கயிற்றைப் பிடித்து இழுத்தால் டிரம் சுற்றும். விட்டால் நின்றுவிடும், பிரேக் பிடித்துக்கொள்ளும். ஓட்டுநர் சீட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் இரும்புவலை போட்ட சட்டம். அடியில் ஓர் அகலமான பிளேடு. லிங்கேஜை இறக்கினால் அது மண்ணில் ஊன்றும். கம்பி வெளியே வர அடியில் ஒரு கப்பி, மேலே ஒரு கப்பி. தூரத்தில் கிடக்கிற தடியை இழுக்கக் கீழ்க் கப்பி. பக்கத்தில் வந்த பிறகு தடியின் மூக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டில் ஓட்டிப் போக மேல் கப்பி. தூரத்துத் தடியை மேல் கப்பியால் இழுத்தால் டிராக்டரின் முன்பக்கம் தூக்கும். இதைப் பட்டறைக்காரர்கள் கொடுத்த ஒற்றைத் தாளில் எழுதவே இல்லை.

வெல்டிங் சுத்தமாக இருந்தது. சட்டம் எங்கும் வளையவில்லை. கிளட்ச் லைனிங் பருவத்தின் நடுவில் தேய்ந்தது. அதற்காகக் கொங்கு வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. மார்த்தாண்டத்தில் பிரேக் லைனிங் ஒட்டுகிற கடையிலேயே புதிதாக ஒட்டித் தந்தார்கள். உள்ளூரில் பழுது பார்க்க முடிகிற இயந்திரம் என்பது என் கணக்கில் பாதி மதிப்பெண்.

இனி கம்பிக்கு வருகிறேன்.

காட்டு வின்ச்சுக்கு ஐரோப்பாவில் வைத்திருக்கிற அளவு, கம்பி அறுபடும் பலம் வின்ச்சின் இழுவையைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பது. 3.5 டன் வின்ச்சுக்கு 7 டன் தாங்குகிற கம்பி. சாதாரண 10 மில்லிமீட்டர் எஃகுக்கம்பி, இரும்பு நடுத்தண்டு உள்ளதாகவே இருந்தாலும், ஆறு டன்னுக்குக் கொஞ்சம் மேலேதான் தாங்கும். எனக்கு வந்ததோ நடுவில் சணல் வைத்தது. அதன் பலம் இன்னும் குறைவு. டிரம்மில் அடுக்கடுக்காகச் சுற்றும்போது மேலடுக்கு அழுத்தி, வட்டமாக இருக்க வேண்டிய கம்பி தட்டையாகிவிடுகிறது. சில வாரங்களிலேயே இழைகள் முள்முள்ளாக எழும்பி நின்றன. தோல் கையுறை இல்லாமல் தொட்டால் உள்ளங்கை கிழியும்.

அதைவிட எனக்குக் கோபம் வந்தது கம்பியின் முனையைப் பார்த்தபோது. கொக்கி மாட்டுவதற்காகக் கம்பியை மடக்கி யு-போல்ட் கிளிப் போட்டிருந்தார்கள். அந்தக் கிளிப்பில் இரண்டு பக்கம் உண்டு: பல் வெட்டிய அடிக்கட்டை, வளைந்த யு. சுமை தாங்குகிற நீளக் கம்பியின் மேல் அடிக்கட்டை உட்கார வேண்டும். மடங்கி வருகிற குட்டை வாலின் மேல்தான் யு வர வேண்டும். மாற்றிப் போட்டால் சுமை தாங்குகிற கம்பியை யு நசுக்கி, அந்த இடத்திலேயே பலம் குறைந்துவிடும். எனக்கு வந்ததில் கிளிப் எல்லாம் மாறித்தான் இருந்தன. போன் போட்டேன். "மலைல தடி இழுக்கறதுக்குன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே" என்றார் மறுமுனையில் இருந்தவர். தடி இழுக்கிற வின்ச் என்று விளம்பரம் போட்டு விற்றவர் கேட்கிற கேள்வி இது. கம்பியை மாற்றித் தருகிறோம், அனுப்புகிற செலவு உங்களது என்றார்கள். அதே கம்பியை இன்னொரு தடவை வாங்கி என்ன செய்வது?

இழைகளை அமுக்கிச் செய்த, இரும்பு நடுத்தண்டு உள்ள 10 மில்லிமீட்டர் கம்பியை நானே தனியாக வாங்கினேன். இதே தடிமனில் எட்டு டன்னுக்கு மேல் தாங்குகிறது, எளிதில் நசுங்குவதும் இல்லை. 12 மில்லிமீட்டர் சாதாரணக் கம்பி போட்டாலும் பலம் வந்துவிடும். ஆனால் 10 மில்லிமீட்டர் ஒரு மீட்டருக்கு 400 கிராம் அளவில் என்றால் 12 மில்லிமீட்டர் 600 கிராம் வரும். கம்பியைச் சரிவில் கீழே கொண்டுபோவது சுலபம். சங்கிலி தவறிப்போய் வெறுங்கம்பியை இன்னொரு தட்டுக்கு மாற்றிப் போடும்போதுதான் அந்த 200 கிராம் ஒவ்வொன்றும் தோளில் தெரியும். முனையில் கிளிப் எதுவும் வேண்டாம் என்று அழுத்திய ஃபெரூல் (கம்பியை இறுக்கிப் பிடிக்கிற உலோகக் குழல்) போட்டு வாங்கிக்கொண்டேன். செயற்கை நூலில் செய்த கயிறும் இப்போது கிடைக்கிறது. எடை எஃகுக்கம்பியின் எடையில் ஏழிலோ எட்டிலோ ஒரு பங்குதான். நம் விளையில் பாறை விளிம்பில் உரசியே அது போய்விடும் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

புதுக்கம்பியை டிரம்மில் முதல் தடவை சுற்றும்போது ஏதாவது கனமான ஒன்றை இழுத்துக்கொண்டே சுற்ற வேண்டும். லூசாகச் சுற்றிவிட்டால், பிறகு சுமை ஏறும்போது மேல்சுற்று கீழ்ச்சுற்றுகளுக்கு நடுவில் புதைந்து இறுகிவிடும். அதை எடுக்க ஒரு காலை நேரம் போகும். அதேபோலக் கம்பியைக் கடைசிவரை அவிழ்க்கக் கூடாது, டிரம்மில் மூன்று நாலு சுற்று எப்போதும் இருக்க வேண்டும். முனையைப் பிடித்திருக்கிற சின்ன போல்ட் சுமை தாங்குவதற்கானது அல்ல.

தடியைக் கட்டுகிற சங்கிலியைப் பற்றியும் இதோடு சொல்லிவிடுகிறேன். இரும்புக்கடையில் கிலோ கணக்கில் தருகிற சங்கிலி வேண்டாம். கிரேடு 80 என்று கண்ணியில் அடித்திருக்கும் 8 மில்லிமீட்டர் சங்கிலி 2 டன் வேலைச்சுமைக்குச் செய்தது. கொஞ்சம் காசு போகும், போகட்டும்.

சரி, வின்ச்சும் கம்பியும் ஒழுங்காக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வாங்குகிறவர்கள் எல்லோரும் எத்தனை டன் இழுக்கும் என்றுதான் கேட்கிறார்கள். டிராக்டரை எங்கே நிறுத்துவீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் கூடக்குறைய இருக்கிற டிராக்டர் 3.5 டன் இழுவையை டயரை மட்டும் வைத்துப் பிடித்து நிற்க முடியாது. அதுவே தடியை நோக்கிச் சறுக்கிப் போகும். பிடித்து நிறுத்துவது அந்த அடிப்பிளேடுதான். பிளேடு கடிக்க மண் வேண்டும். எங்கள் விளைக்கு மேலே போகிற பஞ்சாயத்து ரோடு கான்கிரீட். அதில் வைத்து இழுத்தால் பிளேடு கீச்சென்று கத்திக்கொண்டு பின்னாலேயே போகிறது. ரோட்டோரம் மண் உள்ள இடமாகப் பார்த்து, பின்சக்கரம் விளிம்பில் இருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கும்படி நிறுத்தி, பிளேடு அரையடி மண்ணுக்குள் இறங்கிய பிறகுதான் கயிற்றைத் தொடலாம். விளிம்பு மண் புதிதாக வெட்டிப் போட்டதாக இருந்தால் அங்கே நிறுத்தவே வேண்டாம்.

மண் போதாத இடத்தில் மேல்பக்கம் ஒரு பருத்த பலா மூட்டில் சங்கிலி போட்டுக் கட்டுவோம். பலரும் டிராக்டரின் முன் ஆக்சிலில் கட்டுகிறார்கள். அப்படிக் கட்டினால் இழுவை முழுவதும் டிராக்டரின் உடம்பு வழியாகப் போகிறது, அதைத் தாங்குவதற்கு அந்த உடம்பு செய்யப்படவில்லை. கட்டுவதானால் வின்ச் சட்டத்தில் கட்டுங்கள்.

அடுத்தது கோணம். கம்பி டிராக்டருக்கு நேர் பின்னால் போக வேண்டும். கொஞ்சம் சாய்ந்தால் பரவாயில்லை. 30 பாகைக்கு மேல் சாய்ந்து பக்கவாட்டில் இழுத்தால் டிராக்டர் திரும்பும், சரிவு ரோட்டில் கவிழவும் கூடும். நம் மலை ரோடு எல்லாம் சரிவுக்குக் குறுக்கேதான் போகிறது. டிராக்டரின் பின்பக்கத்தை விளை பக்கம் திருப்ப அகலமும் இருக்காது. அதற்கு வழி, டிராக்டரை ரோட்டு நீளத்துக்கே நிறுத்திக் கம்பியை ஒரு கப்பி வழியாகத் திருப்பிவிடுவது. பக்கம் திறந்து கம்பியைப் பக்கவாட்டில் நுழைக்கிற கப்பி வேண்டும், இல்லாவிட்டால் 60 மீட்டரையும் உருவிக் கோக்க வேண்டியிருக்கும். ஒரு நல்ல மரத்தின் அடிமூட்டில், தரையோடு ஒட்டி, அகலமான பெல்ட் போட்டு அதைக் கட்டுகிறேன். கம்பி செங்கோணத்தில் திரும்பினால் கப்பியின் மேல் விழுவது இழுவையைப் போல 1.4 மடங்கு. 3.5 டன் இழுத்தால் கப்பிக்கும் பெல்ட்டுக்கும் மரத்துக்கும் ஐந்து டன்! கிணற்றடியில் வாளி இறக்குகிற கப்பியைக் கொண்டுவந்து மாட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கப்பி போட்டுவிட்டால் இன்னொரு ஆபத்தும் சேர்ந்து வருகிறது. டிராக்டர், கப்பி, தடி மூன்றுக்கும் நடுவில் உள்ள மூலையில் ஒரு பூனைகூட நிற்கக் கூடாது. கப்பியோ பெல்ட்டோ விட்டால் கம்பி அந்த மூலைக்குள்தான் பாயும். என்னோடு வேலைக்கு வருகிற பையன் முதல் வாரத்திலேயே கேட்டான்: "மாமா, இது அறுந்தா எந்தப் பக்கம் வரும்?" நான் காட்டினேன். "வருத பக்கம் நிக்காதே மக்கா, சங்கிலி மாட்டினா மேல ஏறி வெளிப்பக்கம் போயிரு." கீழே சங்கிலி மாட்டுகிறவர் விலகிப்போய்க் கைகாட்டாமல் நான் கயிற்றைத் தொடுவதில்லை. தடி உருண்டால் கீழ்நோக்கித்தான் உருளும் என்பதால் தடிக்குக் கீழே யாரும் நிற்பதில்லை.

சாரம் (லுங்கி) கட்டிக்கொண்டு பி.டி.ஓ. பக்கம் வருகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். ஒரு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுகிற தண்டு, துணி நுனி மாட்டினால் யோசிக்க நேரம் தராது. என் வின்ச்சோடு வந்த பிளாஸ்டிக் உறையே நன்றாக இருக்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறவர்களின் பக்கத்தில்கூட நான் நிற்பதில்லை. தடி இழுக்க 540 சுற்று தேவையும் இல்லை. ரேஸைக் குறைத்து மெதுவாக இழுத்தால்தான் தடி எதிலாவது முட்டும்போது கயிற்றை விட நேரம் கிடைக்கும். பட்டறை கொடுத்த கிளட்ச் கயிறு நைலான். நைலான் நீளும் குணம் உள்ளது, கையை விட்ட பிறகும் ஒரு நொடி இழுத்துக்கொண்டே இருக்கும். அவ்வளவாக நீளாத பாலியெஸ்டர் கயிறு வாங்கி, தள்ளி நிற்கும்படி நீளமாகக் கட்டிக்கொண்டேன்.

இப்போது இழுவைக் கணக்கு. பச்சை ரப்பர் தடி ஒரு கனமீட்டர் 900 கிலோ வரை வரும். 30 வருடத்து மரம், சுற்றளவு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, ஆறு மீட்டர் நீளத்துக்குக் கொம்பு தறித்த தண்டு என்றால் அரை டன்னுக்குள் இருக்கும். 30 பாகை சரிவில் மண்ணின் மேல் ஏற்றி இழுக்க, உராய்வை 0.6 என்று வைத்தால், தடியின் எடைக்குச் சமமான இழுவை வேண்டும். அதாவது அரை டன். 3.5 டன் வின்ச்சுக்கு இது ஒன்றுமே இல்லை; மூன்று நாலு தண்டை ஒன்றாகக் கட்டியே இழுக்கலாம். டிரம்மில் கம்பி முழுவதும் சுற்றி நிற்கும்போது இழுவை மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அப்படிக் குறைந்தாலும் தாராளம். அப்படியானால் இழுவை எங்கே தேவைப்படுகிறது? தட்டின் விளிம்பில்.

ரப்பர் விளையில் தட்டு வெட்டாத சரிவு கிடையாது. ஒவ்வொரு தட்டும் தடிக்கு ஒரு சுவர். மேலே வருகிற தடியின் மூக்கு விளிம்பில் முட்டி மண்ணுக்குள் புகுந்துவிடும். அந்தக் கணத்தில் அரை டன் சுமை மூன்று டன் ஆகிறது. கம்பி அறுவதும் டிராக்டர் சறுக்குவதும் அப்போதுதான். பெரிய வின்ச் வாங்கி இதைத் தீர்க்கலாம் என்று நினைத்தால் விளிம்பே பெயர்ந்து வரும், தட்டு போய்விடும்.

நாங்கள் செய்வது இப்படி. தண்டின் அடிப்பக்கத்தை முன்னே வைத்து, செயின்சாவால் அதன் விளிம்பைச் சுற்றிலும் சரித்துச் செதுக்கிவிடுவோம். அப்புறம் பழைய நீல பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்து, அடியில் ஓட்டை போட்டுச் சங்கிலியை அதன் வழியாக விட்டு, தடியின் மூக்குக்குத் தொப்பியாக மாட்டுவோம். வெளிநாட்டில் இதற்கென்றே பிளாஸ்டிக் கூம்பு விற்கிறார்கள். நம் டிரம் அவ்வளவு நாள் உழைக்காது, கிழிந்தால் வேறொன்று. கட்டுகிற சங்கிலியின் கொக்கி தடிக்கு மேல்பக்கம் இருக்கும்படி போட்டால், இழுக்கத் தொடங்கும்போது மூக்கு கொஞ்சம் தூக்கிக்கொண்டு வருகிறது. பக்கவாட்டில் போட்டால் தடி முதலில் உருண்டு, மாட்டியிருந்த கல்லில் இருந்து விடுபட்டு வரும். இந்தச் சின்ன வித்தையைச் சொல்லித்தந்தவர் பத்துகாணியில் மரம் முறிக்கிற ஒரு பெரியவர். யானை வைத்துத் தடி இழுத்த காலத்தில் சங்கிலி மாட்டி நின்றவர். வின்ச்சைப் பார்த்துவிட்டு அவர் சொன்ன ஒரே குறை, யானை என்றால் தடி முட்டுவதற்கு முன்பே நின்றுவிடும் என்பது. உண்மைதான். இது நிற்காது, கயிறு பிடிக்கிறவன்தான் நிறுத்த வேண்டும்.

3.5 டன்னும் தேவைப்பட்ட வேலை ஒன்றும் வந்தது. மச்சான் விளையின் அடியில், ஓடையோரம் ஓர் அயனி மரம், ஏழடிச் சுற்றளவு. வனத்துறை அலுவலகத்தில் கேட்டு முறைப்படிதான் முறித்தார். ரப்பரைத் தவிர வேறு மரம் என்றால் யாராக இருந்தாலும் முதலில் அதைச் செய்துவிடுங்கள். நாலு மீட்டர் தண்டே ஒரு டன்னைத் தாண்டியது. கப்பியைத் தடியிலேயே மாட்டி, கம்பி முனையை மேலே ஒரு மூட்டில் கட்டி இழுத்தோம். இப்படிப் போட்டால் இழுவை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும். 60 மீட்டர் கம்பி 30 மீட்டருக்குத்தான் எட்டும் என்பதால் தடியைக் கட்டம் கட்டமாக நகர்த்த வேண்டியிருந்தது. முழுத்தண்டாக மேலே வந்தது. இடத்திலேயே துண்டு போட்டிருந்தால் அந்தத் தடிக்குக் கிடைத்த விலை கிடைத்திருக்காது.

மாட்டிக்கொண்ட மரத்தை விடுவிப்பது நான் எதிர்பார்க்காத உபயோகம். முறித்த மரம் விழாமல் பக்கத்து மரத்தின் கொம்பில் சாய்ந்து நின்றுவிட்டால் கீழே போய் வெட்டுவது உயிரோடு விளையாட்டு. அடியில் சங்கிலி மாட்டிவிட்டு, மரத்தின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி நின்று வின்ச்சால் அடியை இழுத்தால் இறங்கிவிடுகிறது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் போன பிறகு எங்கள் பக்கம் ரப்பர் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் கிடந்தது நினைவிருக்கும். சரிவில் கிடந்ததை எடுக்க ஆள் வருவதற்குள் தடியில் பூஞ்சை பிடித்து நீலம் பாய்ந்து, வண்டும் விழுந்துவிட்டது. ரப்பர் தடி முறித்த சில நாளில் மில்லுக்குப் போய் அறுத்து மருந்தில் முங்கினால்தான் பலகைக்கு ஆகும், தாமதித்தால் விறகு. பெரும்பாவூர் பிளைவுட் மில்லுக்குப் போகிற லாரிக்காரர் அவசரப்படுவதற்கும் அதுதான் காரணம். நீளத்தண்டாக மேலே வருவதால் முறித்தது அன்றன்றே ரோட்டோரம் சேர்ந்துவிடுகிறது. கூலி மிச்சத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த வேகம்தான்.

வேறு வழிகளையும் பார்த்தேன். ஜே.சி.பி. சமநிலத்தில் ராஜா, மூட்டோடு பிடுங்கிப் போட்டுவிடும். தட்டு வெட்டிய செங்குத்துச் சரிவில் அது இறங்க வழி வெட்டினால் விளையே போய்விடும். ஜீப்பின் முன்னால் மாட்டுகிற மின்சார வின்ச் விலை குறைவு. சேற்றில் மாட்டிய வண்டியை எடுக்கச் செய்த மோட்டார் அது. நாள் முழுக்க இழுத்தால் சூடேறி நின்றுவிடும். கையால் நெம்புகிற வின்ச் மெதுவானது, ஒன்றிரண்டு மரத்துக்கு அது போதும். இருபது சென்ட் விளைக்காக ஒன்றரை லட்சம் போடாதீர்கள்.

மழையில் ஓட்டாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. தடி ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப ஏறினால் அந்தத் தடம் வாய்க்காலாகிறது. அடுத்த மழையில் மேல்மண் எல்லாம் அதன் வழியாக ஓடைக்குப் போகும். இழுத்து முடித்த அன்றே கொம்பும் சவறும் (சருகு) தடத்துக்குக் குறுக்கே போட்டு, பெயர்ந்த தட்டு விளிம்பை மண்வெட்டியால் கட்டிவிடுகிறோம். கூலிக்கு ஓட்டும்போது விளைக்காரர்கள் இதற்குத் தனியாக ஆள்கூலி தரத் தயங்குகிறார்கள். நான் அதையும் சேர்த்தே பேசிவிடுகிறேன்.

வியாபாரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தடி மேலே ரோட்டோரம் அடுக்கி இருந்தால் சரிவுக் கழிவு பேச அவருக்கு இடமில்லை. முழுவதையும் விட்டுக்கொடுக்கவில்லை, நீளத்தண்டில் மண்ணும் கல்லும் ஒட்டி வாள் பல் போகிறது என்று புதிதாக ஒன்று கண்டுபிடித்தார். அதில் நியாயம் இருந்ததால் தடியை அடுக்கும் முன் கழுவிக் கொடுக்கிறோம். டீசலும் ஆள்கூலியும் போக, எனக்குக் கையில் நின்றது சுமட்டுக்குக் கொடுத்திருந்தால் நின்றிருப்பதைவிட நன்றாகவே அதிகம். வின்ச் போட்ட காசு வர இன்னும் இரண்டு பருவம் பிடிக்கும் என்பது என் கணக்கு.

வாங்குவதானால் கம்பி இல்லாமல் வாங்குங்கள். கம்பி விலையைக் கழித்துத் தரச் சொல்லி அடித்துப் பேசினால் பட்டறைகள் ஒத்துக்கொள்கின்றன. 3.5 டன்னுக்கு மேல் போக வேண்டாம். மிச்சக் காசில் நல்ல கம்பி, பக்கம் திறக்கிற கப்பி இரண்டு, கிரேடு 80 சங்கிலி, அகல பெல்ட் வாங்கிவிடலாம். வாடகைக்கு வின்ச் மட்டும் தருவீர்களா என்று சிலர் கேட்டார்கள். தருவதில்லை. டிராக்டரும் நானும் பையனும் சேர்ந்துதான் வருவோம், எங்கே நிறுத்துவது என்பதை முதல் நாளே வந்து பார்த்துவிட்டுத்தான் கூலி சொல்வேன்.